பனியைப் போர்த்திய பாத்தி

எதிர்வீட்டு மொஹாப்பி இறந்துபோன செய்தி மலையேறி வந்த காலையில் மாலினெயோ பட்டாணி விதையை ஊறப்போட்டிருந்தாள்.

அதற்கு முந்தின இரவுதான் பனி பெய்து ஓய்ந்திருந்தது. ஆகஸ்ட் மாதப் பனி; பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் மலைக்கு அதுதான் குளிர்காலக் கடைசி. எங்கள் ஊரில் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். மாலினெயோ மட்டும் வாசலில் நின்று அது எவ்வளவு கனத்துக்கு விழுந்திருக்கிறது என்று குச்சியை நட்டுப் பார்ப்பாள். அக்டோபர் மழை வரும்வரை மண்ணுக்குக் கிடைக்கிற ஒரே தண்ணீர் அந்தப் பனிதான். அது உருகி முடிவதற்குள் மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். கிளம்பினால் மண் ஓடுபோல் ஆகிவிடும். பனிக்கும் காற்றுக்கும் நடுவே கிடைக்கிற அந்தச் சில நாட்களில் நட்டுவிட்டால், தானியக் கூடையின் அடி தெரிகிற நவம்பரில் சோளக்களியோடு சேர்த்துத் தின்னக் கீரை இருக்கும். மற்றவர்கள் மழைக்குக் காத்திருந்தார்கள். அவள் பனிக்குக் காத்திருந்தாள்.

செய்தியைக் கொண்டுவந்தவள் சோளக்கள் காய்ச்சும் மாபுலெங். படலைத் தள்ளிக்கொண்டு வரும்போதே அவள் வாய் முன்னால் வந்துவிடும்.

"கேட்டியா? மொஹாப்பி போயிட்டாரு. டவுன் ஆஸ்பத்திரியில."

மாலினெயோ கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "எப்ப அடக்கம்?"

"மகன் வரணுமாம். எல்லைக்கு அந்தாண்ட சுரங்கத்துல இருக்கான்ல, கோட்சோ. லீவு கிடைக்கணும். அடுத்த வாரம் சனிக்கிழமைங்கறாங்க. அதுவரைக்கும் மார்ச்சுவரிதான்."

"அடுத்த வாரமா?"

"ஆமா. உயிரோட இருந்தவரைக்கும் உன் தோட்டத்துக்கு மாட்டை அனுப்பினாரு. இப்ப மாடு இல்லாமலேயே உன் நடவை நிறுத்திட்டாரு."

"வாயை மூடு மாபுலெங். செத்தவங்க காதுல விழும்."

"நான் சொல்லலை தாயே. உன் மூஞ்சி சொல்லுது."

ஊரில் ஒருவர் இறந்தால், அவர் மண்ணுக்குள் போகும்வரை வேறு யாருடைய மண்வெட்டியும் மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் கோடையில் ஆலங்கட்டி விழுந்து பயிர் முழுவதையும் அடித்துப் போடும். இது எங்கள் பாட்டன்மார் காலத்து விதி. அப்போது மாலையில் இறந்தவரை மறுநாள் காலையில் புதைத்துவிடுவார்கள்; விதிக்கு ஒரு நாள்தான் விலை. பிணத்தைக் குளிரில் வைக்கும் அறை நகரத்துக்கு வந்த பிறகு இறந்தவர்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். விதி நீளவேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அது தானாக நீண்டுவிட்டது.

ஊறிய பட்டாணி காத்திருக்காது. மாலினெயோ அன்றே அதை உப்புப் போட்டு வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் மூடி, எதிரேயிருந்த மொஹாப்பியின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். விதைக்கென்று வைத்திருந்ததில் பாதி அது. துக்க வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்த மொஹாப்பியின் மனைவி மாகோட்சோவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாதி தின்று, நன்றாக வெந்திருக்கிறது என்றாளாம்.

எங்கள் ஊரில் ஒருவரைப் புகழவேண்டுமென்றால் முதலில் அவர் சாகவேண்டும். அது நல்ல வழக்கம் என்றுதான் நான் நினைத்து வந்திருக்கிறேன். உயிரோடிருப்பவரைப் பற்றிச் சொன்ன நல்ல சொல்லை மறுநாளே அவர் பொய்யாக்கிவிடலாம். மாலினெயோவைப் பற்றியும் எளிதாகச் சொல்ல எதுவுமில்லை. வாய்த்துடுக்கு உண்டு. தன் பட்டாணியைப் பற்றிப் பெருமை பேசிக் கேட்பவர் காதைத் துளைப்பாள். பலமுறை ஏமாந்தும் இருக்கிறாள். ஒரு வருடம் செப்டம்பர் கடைசியில் இன்னொரு பனி வந்து அவள் நட்டதையெல்லாம் கறுப்பாக்கிவிட்டுப் போனது. அன்று அவள் தன் தோட்டத்தைப் பார்த்து உரக்கத் திட்டியது பக்கத்து வீட்டு வாத்தியாரான எனக்குச் சுவரைத் தாண்டிக் கேட்டது. அதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சமிருப்பதைத்தான் எழுதுகிறேன்.

அவள் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து மருமகளாக வந்தவள். மருமகள் வந்த அன்றே மாமியார் வீட்டார் அவளுக்குப் பெயர் வைப்பார்கள், பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரால். 'லினெயோவின் அம்மா' என்று அவளுக்கு வைத்தார்கள். லினெயோ பிறக்கவில்லை. கணவன் சுரங்கத்துக்குப் போனான், நெஞ்சில் கல்தூசியோடு திரும்பினான், இரண்டு குளிர்காலம் இருமினான், போனான். பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதைச் சொல்லி யாராவது பரிதாபப்பட்டால், "கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்க ஒரு பேரு வேணும். அதுக்கு இது போதும்" என்பாள்.

அவள் தோட்டத்துக்குக் கிழக்கே மொஹாப்பியின் மாட்டுப்பட்டி. குளிர்காலத்தில் எங்கள் ஊர் நிலம் எல்லார் மாட்டுக்கும் பொது; அறுத்த தாளை எந்த மாடும் மேயலாம். அப்படி மேய்கிற மாட்டுக்கு ஓரிடத்தில் மட்டும் பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது என்றால் அது எங்கே போகும்? முதல் வருடம் முட்டைக்கோஸ் போயிற்று, அடுத்த வருடம் எல்லாமே. மொஹாப்பியிடம் கேட்டபோது, "மழைக்கு முன்னாடி நட்டது உன் தப்பு. மாட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது" என்றார். ஊர்ச்சபையும் அவர் பக்கமே பேசியது.

அவள் ஓடைச் சரிவுக்குப் போய் லெலோத்வானேப் போத்துகளை வெட்டிவந்து வடக்கே வீட்டுப் பக்கம் தவிர மூன்று பக்கமும் நட்டாள். சாம்பல் நிற இலை கொண்ட புதர் அது. யாரும் நட்டு வளர்ப்பதில்லை, விறகுக்கு வெட்டத்தான் போவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தாள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து அது சுவராக நின்ற பிறகுதான் அதன் இன்னொரு குணத்தைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். மலையில் வேறு எதுவும் கண் திறக்காத ஆகஸ்டில் அது பூக்கும். வெளிறிய ஊதாவில் நீளக் கொத்துகள். பனி விழுந்தாலும் உதிராது. தேன் மணம் எங்கள் வீட்டு அடுப்படி வரை வரும். கீழ்க்கொத்து விரிந்தால் பட்டாணி, மேல்கொத்து விரிந்தால் உருளைக்கிழங்கு என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அது எல்லா வருடமும் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன்.

அந்த வருடம் மேல்கொத்தும் விரிந்துவிட்டது. வீட்டுச் சுவரோரம் தகர டப்பாக்களில் முட்டைக்கோஸ் நாற்றும் வெங்காய நாற்றும் கழுத்து நீண்டு நின்றன. பனி உருகத் தொடங்கியது. அடக்கத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

அவள் வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வட்டக் கல்பாத்தி உண்டு. சாம்பல், சாணம், எலும்பு, புல் என்று அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பியது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சுவர்மேல் கையூன்றிக் கூப்பிட்டேன்.

"மாலினெயோ, விதி மண்ணைப் பத்தித்தானே? இந்தக் கல்பாத்தியில இருக்கறது ஊர் மண்ணே இல்லை. நீ சேர்த்த குப்பை. தரையைத் தொடாம நிக்கிது. மண்வெட்டிகூட வேண்டாம், கையால நடலாம். ஊர்த்தலைவர்கிட்ட நான் பேசறேன்."

அவள் சற்று யோசித்தாள். என் வாதத்தை எடைபோடுகிறாள் என்று மகிழ்ந்தேன்.

"நல்ல வாதம் வாத்தியாரே. ஜெயிச்சுடலாம்."

"அப்புறம் என்ன?"

"ஜெயிச்சு என்ன பண்றது? அங்க பாருங்க." கையை நீட்டவில்லை, முகவாயால் காட்டினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டில் மாகோட்சோவின் பாய் தெரிந்தது. "அடக்கம் வரைக்கும் அவ அங்கயே உட்கார்ந்து இந்த வாசலைத்தான் பார்த்துட்டிருக்கணும். நான் இங்க நின்னு நாத்து நடறதை அவ எந்தக் கண்ணால பார்ப்பா?"

"அவளோட மாடு உன் தோட்டத்தைத் தின்னப்ப அவ எந்தக் கண்ணால பார்த்தா?"

"அது அவரோட மாடு" என்றாள் மாலினெயோ. "அவ எனக்கு உப்பு குடுத்திருக்கா."

மறுநாள் காலையில் அவளை வேறொரு வேலையில் பார்த்தேன். தெற்கு வேலிக்கு வெளியே, வடக்கே சாய்ந்து போகும் குளிர்கால வெயில் விழாத நிழலில், காற்று ஒதுக்கிய பனி இடுப்பளவு குவிந்து கிடந்தது. துணி துவைக்கும் பெரிய தகரத் தொட்டியில் அதைக் கைகளால் வாரி நிரப்பினாள். தலையில் தூக்கி வந்து தோட்டத்தின் மூன்று பாத்திகளிலும் கொட்டினாள். கொட்டி, மிதித்துக் கெட்டிப்படுத்தி, கூரைக்கு வைத்திருந்த புல்லை மேலே பரப்பினாள். புல் தீர்ந்ததும் சாக்கு. சாக்கு தீர்ந்ததும் வீட்டுக்குள் போய்க் கணவனின் பழைய கம்பளியோடு வந்தாள்.

மாபுலெங் வழியில் நின்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஏண்டி, ஊரே பனி எப்ப போகும்னு பார்க்குது. நீ அதுக்குப் படுக்கை போடறியே!"

"உன் கள்ளுப் பானைக்கு நீ போர்த்தறதில்லையா?"

"அது பொங்கறதுக்கு."

"இது உருகாம இருக்கறதுக்கு. போ, போ."

மொஹாப்பியின் தம்பிக்கு அது சிரிப்பாக இல்லை. அண்ணன் பிணவறையில் கிடக்கும்போது எதிர்வீட்டுக்காரி தோட்டவேலை செய்கிறாள் என்று தலைவரிடம் போய்ச் சொன்னார். பட்டிக் கல்சுவரோரம் சபை கூடியது. குளிரில் எல்லாரும் கம்பளிக்குள் முகத்தை மட்டும் விட்டு உட்கார்ந்திருந்தோம்.

"மண்ணைத் தொட்டியா?" என்று தலைவர் கேட்டார்.

"மண்வெட்டி சுவத்துல தொங்குது ஐயா. வந்து பார்க்கலாம்."

"பின்னே என்ன செஞ்சே?"

"பனி வானத்துலேருந்து வந்தது. அதை ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்கு வச்சேன். மேல போர்த்தினேன்."

"வேலைதானே அது!" என்றார் தம்பி.

"குளிருக்குப் போர்த்தறது வேலைன்னா, இங்க உட்கார்ந்திருக்கற எல்லாரும் வேலைதான் செஞ்சிட்டிருக்கீங்க."

தலைவர் தன் கம்பளியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்தது. "போர்த்தினது போர்த்தினதாவே இருக்கட்டும். அடக்கத்துக்கு முன்னாடி பிரிக்கக் கூடாது" என்று முடித்தார்.

அவள் வென்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடக்கத்துக்கு முந்தின வியாழக்கிழமை அதே தம்பி அவள் படலருகே வந்து நின்றார். இந்த முறை தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

அடக்கத்துக்கு ஒரு மாடு அடிக்கவேண்டும். மூன்று கிராமத்து ஆட்கள் வருவார்கள். பெரிய இரும்புப் பானைகள் நாள் முழுக்கக் கொதிக்கவேண்டும். எங்கள் மலையில் மரம் கிடையாது. வறட்டிதான் எரிப்போம். அவர்கள் வீட்டு வறட்டிக் குவியல் பனியில் முழுக்க நனைந்துவிட்டது. ஓடைச் சரிவில் இருந்த புதர்களை ஊர்க்காரர்கள் ஜூலையிலேயே வெட்டித் தீர்த்திருந்தார்கள். விறகு என்று சொல்லக்கூடியது அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் நின்றது, முழுக்கப் பூத்து.

தம்பி அதைக் கேட்க வாயெடுக்கவில்லை. படலைப் பிடித்தபடி வேலியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எத்தனை பானை?" என்றாள் மாலினெயோ.

"நாலு."

"பச்சையா இருக்கு. புகையும்."

"புகைஞ்சாப் பரவாயில்லை அம்மா. அழறவங்களுக்கு ஒரு சாக்கு."

அவள் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பூங்கொத்துகளில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. தெற்கு வேலியருகே நின்றாள். மேற்கு வேலியருகே அதைவிட அதிகநேரம் நின்றாள். பிறகு கிழக்கே, பட்டியைப் பார்த்த பக்கத்துக்கு வந்து, "இந்தப் பக்கம் முழுக்க எடுத்துக்குங்க" என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற நானே வாய்விட்டுக் கத்திவிட்டேன். "மாலினெயோ! மாடு வர்ற பக்கம் அது!"

"தெரியும் வாத்தியாரே."

"அதுக்காகத்தானே வேலியே போட்டே?"

"மேற்கை வெட்டினாக் காத்து வரும். தெற்கை வெட்டினா அதுக்குப் பின்னால ஒதுங்கற பனி வெயில் பட்டுப் போயிடும். காத்துக்கிட்டயும் வெயில்கிட்டயும் யாரு போய்ப் பேசறது? மாட்டுக்கு ஒரு வீடு இருக்கு. வீட்டுல மனுசங்க இருக்காங்க."

"இத்தனை வருசம் அந்த மனுசங்க கேட்டாங்களா?"

"கேட்காத மனுசர்தான் போயிட்டாரே" என்றாள். சொன்னபிறகு தானே வருந்தியதுபோலத் தம்பியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அதில் கோபம் தெரியவில்லை.

வெட்டுவதை அவர்கள் கையில் விடவில்லை. அரிவாளை அவளே எடுத்தாள். முழங்கால் உயரத்தில், அடிக்கட்டை பிளந்துபோகாமல், சாய்வாக வெட்டினாள். தேனீக்கள் அவள் தலையைச் சுற்றி வந்தன. பூவோடு விழுந்த கிளைகளைத் தூக்கிக்கொண்டு மொஹாப்பி வீட்டு ஆண்கள் வரிசையாகப் போனபோது, விறகு போகிறது என்றே தோன்றவில்லை. இத்தனை பூவோடு எங்கள் ஊரில் யாருக்கும் அடக்கம் நடந்ததில்லை.

நான் நிறையப் படித்திருக்கிறேன். தியாகம் என்ற சொல் எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்பவர் பெரும்பாலும் அடுத்தவருடையதைக் கேட்பவராக இருப்பார். மாலினெயோ அன்று செய்ததற்கு அந்தச் சொல் பொருந்தாது. அவள் கணக்குப் பார்த்தாள். கணக்கில் ஒரு பக்கத்தில் காற்றையும் வெயிலையும் வைத்தாள். மறுபக்கத்தில், உப்பைத் தவிரத் தனக்கு ஒருநாளும் எதுவும் தராத ஒரு வீட்டின் மேல் நம்பிக்கையை வைத்தாள். அப்படிக் கணக்குப் பார்க்க என்னால் முடிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கோட்சோ வந்துவிட்டான். நாற்பது வயதைத் தாண்டிய கனத்த மனிதன். அடிப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது கறுப்பும் வெள்ளையுமான கிழட்டு மாடு. ஊரில் அந்த வேலியை அதிகம் முட்டியது அதுதான். சனிக்கிழமை, கல்லறையிலிருந்து திரும்பிக் கற்றாழை போட்ட தண்ணீரில் கைகழுவி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மாபுலெங் தன் தட்டை மாலினெயோவின் தட்டருகே வைத்துக் குனிந்து சொன்னாள்:

"நல்லா மெல்லு. எல்லாம் உன் முட்டைக்கோஸ்தான்."

மாலினெயோ இருமுவதுபோலக் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. துக்கம் தாங்கவில்லை என்று எண்ணி யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். திங்கட்கிழமை வெளுக்கும்போது அவள் தோட்டத்தில் இருந்தாள். நானும் சுவரைத் தாண்டி உள்ளே போனேன்.

முதல் பாத்தியின் கம்பளியைப் பிரித்தாள். புல்லுக்கு அடியில் பனி அழுக்குத் தகடாக இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைத் தள்ளிவிட்டு விரலை மண்ணில் நுழைத்தாள். விரல் முழுதும் கறுப்பாக, ஈரமாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சாக்கு போதாமல் ஓரங்களில் வெயில் புகுந்திருந்தது; விரல் இறங்கவில்லை.

"இது போச்சு" என்று எழுந்து முதல் பாத்திக்குத் திரும்பினாள்.

மீதியிருந்த பட்டாணியை ஊன்றி முடித்து அவள் நாற்று டப்பாக்களை எடுக்கப் போன நேரத்தில் பட்டியின் கதவுக்கட்டை இழுபடும் சத்தம் கேட்டது. மாடுகள் வெளியே வந்தன. வெட்டிய கட்டைகளுக்கு நேர் எதிரே அவை நின்று மூக்கைத் தூக்கின. மாலினெயோ அசையவில்லை. அவள் கையில் டப்பா இருந்தது. அவள் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

மாடுகளுக்கு முன்னால் சுற்றிவந்து இடைவெளியில் கோட்சோ நின்றான். இரண்டு கைகளையும் விரித்தான்.

"அம்மா, நீங்க நடுங்க. நான் நிக்கிறேன்."

"மாடு மேய்க்கவா லீவு எடுத்து வந்தே? போய் உன் அம்மாகிட்ட உட்காரு."

"அம்மாதான் அனுப்பினாங்க. 'அவ வேலி நம்ம அடுப்புல எரிஞ்சது. அது வளர்ற வரைக்கும் நம்ம மாடு மேல் வழியாப் போகணும்'னாங்க. சித்தப்பாகிட்டயும் சொல்லியாச்சு."

"மேல் வழி ரொம்பச் சுத்து."

"சுத்துதான்."

சித்தப்பா அதற்குள் தடியோடு வந்து மாடுகளை மேலே திருப்பிவிட்டார். ஒரு கன்றுக்கு மட்டும் முடிவு பிடிக்கவில்லை. அது கட்டைகளுக்கு நடுவே நுழைந்து ஒரு டப்பா வெங்காய நாற்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. மாலினெயோ அதன் தாய் தகப்பனையெல்லாம் இழுத்துத் திட்டினாள். கோட்சோ அதைத் துரத்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். மறுபடியும் இடைவெளியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், கைகளை விரித்துக்கொண்டான்.

"மாடெல்லாம் போயாச்சு. இன்னும் யாருக்குக் கை விரிச்சிட்டு நிக்கறே?" என்றாள். "உள்ள வா. காத்து வர்றதுக்குள்ள இதை முடிக்கணும். பிடி, அந்த நாத்தைப் பிரிச்சுக் குடு. தண்டைப் பிடிக்காதே, இலையைப் பிடி. கல்லு உடைக்கிற கை, மெதுவா, மெதுவா..."

அவன் மண்டியிட்டு, பெரிய விரல்களால் ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து நீட்டினான். அவள் வாங்கி வாங்கி நட்டாள். நட்டதன் அடியில் நான் தண்ணீர் ஊற்றினேன். சூரியன் உச்சியை எட்டும்போது மேற்கு வேலியின் பூங்கொத்துகள் ஆடத் தொடங்கின. இரண்டாவது பாத்தியின் கடைசி வரிசையில் இன்னும் நாலைந்து நாற்றுகள் பாக்கி. அவள் நிமிராமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"குடு, குடு" என்றாள்.